நாலெல்லையின் பட்டாணிப் பாத்தி

சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லாமல், ஒரு ஊர் முழுவதையும் மூன்று தடவை விற்று முடித்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவரோடு நான் நாலு வருடம் ஒரே வளாகத்தில் வேலை பார்த்தேன்.

பதறாதீர்கள். அவர் மோசடிக்காரர் இல்லை, பத்திரம் எழுதுகிறவர். பத்திரத்தை எங்கள் நாஞ்சில் நாட்டில் அன்றைக்கு ஆதாரம் என்போம். திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தோடு நாங்கள் ஒட்டிக்கொண்டிருந்த கடைசி வருடங்கள் அவை. நாகர்கோவிலில் பஸ் ஏறினால் ஒரு குட்டித் தூக்கம் போட்டு விழிக்கும் தூரத்தில் இருந்த ஊர். பெயரைச் சொல்ல மாட்டேன், அங்கே எனக்கு இன்னும் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். அந்த ஊர் ரிஜிஸ்டர் கச்சேரியில், அதாவது பத்திரப் பதிவு ஆபீஸில், நான் நகல் எழுதும் குமாஸ்தா. ஜனங்கள் கொண்டுவரும் ஆதாரங்களைத் தடித்த பதிவுப் புத்தகத்தில் ஒரு புள்ளி பிசகாமல் பார்த்து எழுதுவது என் வேலை. வெளியே புன்னை மரத்தடியில் ஒரு சாய்வு மேஜையைப் போட்டு, அந்த ஆதாரங்களை எழுதித் தள்ளுவது அவர் வேலை.

அவரை ஊரே நாலெல்லை என்றுதான் கூப்பிடும். நிலத்துக்குக் கிழக்கே என்ன, மேற்கே என்ன என்று முப்பது வருடம் எழுதி எழுதி, மனிதருக்கு வேறு மாதிரி பேச வராமல் போய்விட்டது. ஒருநாள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன அண்ணாச்சி, தலைவலியா? எங்க வலிக்கு?" என்று கேட்டேன்.

"வடக்கே முடி, தெக்கே புருவம், கிழக்கும் மேக்கும் காது. இதுக்கு உள்பட்ட இடம் பூரா மக்கா."

அவருடைய கல்யாணத்தில்கூட, பெண் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று யாரோ கேட்டதற்கு, "மேக்கே அவ அம்மை, கிழக்கே குத்துவிளக்கு" என்று பதில் சொன்னாராம். இதை எனக்குச் சொன்னது அவருடைய மனைவி. நான் அவளை மைனி என்பேன். "அன்னைக்கே எந்திரிச்சு ஓடியிருக்கணும் தம்பி. விளக்கு தட்டிவிடும்னு பயந்து இருந்துட்டேன்" என்றாள்.

இந்த மனிதர் வாழ்க்கையில் பட்டாணி நுழைந்த கதையைச் சொல்லுகிறேன்.

கீரிப்பாறைக்கு மேலே மலையில் எஸ்டேட் வைத்திருந்த ஒருவர் உயில் எழுத வேண்டும் என்று இவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார். மறுநாள் திரும்பிவந்தவர் வேட்டி முந்தியை அவிழ்த்து, ஒரே ஒரு பச்சைக் காயை எடுத்து மேஜைமேல் வைத்தார். எங்களுக்குப் பட்டாணி என்றால் மஞ்சளாக, வறுபட்டு, காகிதப் பொட்டலத்துக்குள் இருப்பது. அது பச்சையாக ஒரு உறைக்குள் கொடியில் காய்த்துத் தொங்கும் என்பது கச்சேரியில் பாதிப் பேருக்குப் புதுச் செய்தி. அவர் நகத்தால் உறையைப் பிளந்தார்.

"எண்ணிப் பாரு மக்கா. எட்டு பேரு. ஒரே வீடு. இத்தனை வருசமா பாகப் பத்திரம் எழுதுகேன், கூடப்பிறந்தவன் எட்டு பேரு இப்படி ஒட்டிக்கிட்டு இருந்து நான் பாத்ததே கிடையாது."

அந்த எட்டையும் அவர் தின்னவில்லை, எங்களுக்கும் தரவில்லை. பூட்டிவைத்த மேஜை இழுப்பறைக்குள் அவை மூன்றாம் நாள் அழுகி நாறின. அந்த நாற்றத்தின் நடுவில் உட்கார்ந்துதான் அவர் பட்டாணி பயிர் செய்வது என்று தீர்மானம் செய்தார்.

"அது பனியில வளர்ற சாதனம் அண்ணாச்சி. நம்ம ஊரு வெயில்ல வெந்துபோவும்" என்றேன்.

"வெந்தா நல்லதுதானே? அவிக்கிற வேலை மிச்சம்."

முதல் விதைப்புக்குக் கொட்டாரம் சந்தையிலிருந்து பட்டாணி வாங்கிவந்தார். வறுத்த பட்டாணி. புன்னை மரத்தடியில் குழி பறித்து, கிழக்குப் பார்த்து நின்று விதைத்தார். நான் தயங்கித் தயங்கி அது வறுத்தது என்பதை எடுத்துச் சொன்னேன்.

"வெயில்ல காஞ்ச விதை முளைக்குமா, முளைக்காதா?"

"முளைக்கும்."

"தீயில காஞ்சதுக்கு மட்டும் என்ன கேடு? செத்த நாளு கூடுதல் ஆவும். அவ்வளவுதானே?"

நாற்பத்தொரு நாள் தண்ணீர் ஊற்றினார். நாற்பத்திரண்டாம் நாள் உண்மையிலேயே ஒன்று முளைத்தது! கச்சேரி முழுவதும் கற்கண்டு கொடுத்தார். நான் இரண்டு தடவை வாங்கித் தின்றேன். ஒரு வாரம் அந்தச் செடிக்குப் பசும்பால் கலந்த தண்ணீர் நடந்தது. எட்டாம் நாள் சோறு கொண்டுவந்த மைனி குனிந்து பார்த்துவிட்டு, "குப்பைமேனிக்கு எதுக்குப் பாலு ஊத்துகேரு?" என்று கேட்டாள். அவர் பால் செம்பை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

எஸ்டேட்காரர் இதைக் கேள்விப்பட்டு, பாவம் பார்த்து, மலையிலிருந்து இறங்கும் லாரியில் ஒரு பொட்டலம் நல்ல விதை கொடுத்தனுப்பினார். கார்த்திகை மாதம், மழை கொஞ்சம் ஓய்ந்திருந்த நேரம். விதை வந்துவிட்டது. நிலம்? நாலெல்லையும் மைனியும் குடியிருந்தது ஒற்றை அறை வாடகை வீடு. முன்னால் உள்ள முற்றமும் பின்னால் உள்ள முருங்கையும் வீட்டுக்காரருக்கு. ஆகவே அவர் சட்டிகளில் இறங்கினார்.

சட்டி என்று மரியாதைக்குச் சொல்கிறேன். மண்ணெண்ணெய் டின், பிஸ்கட் டின், ஓட்டைப் பானை, கடவம் என்கிற ஓலைக்கூடை, யுத்தத்திலிருந்து திரும்பிய ஒருவர் கொடுத்த இரும்புத் தொப்பி எல்லாம் உண்டு. தன் குடையைத் தலைகீழாகக் கச்சேரிப் புன்னைக் கிளையில் மாட்டி, அதற்குள்ளும் மண் நிரப்பி இரண்டு விதை ஊன்றியிருந்தார். சார்பதிவாளர் துப்புகிற பித்தளைக் கோளாம்பி ஒரு வாரமாகக் காணவில்லை. அது எங்கே என்பது எல்லோருக்கும் தெரியும். துப்புகிறவருக்கு மட்டும் தெரியாது.

ஒருநாள் மத்தியானம் மைனி வேகமாக வந்தாள். சட்டிகளை ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தாள். ஒரு வெண்கலப் பானையின் முன்னால் நின்றாள்.

"இது யாருக்குள்ள பானை?"

"உனக்குள்ளதுதான். ஓரமா சும்மா கிடந்தது."

"சும்மா கிடந்ததா? அரிசி களைஞ்சு வச்சுட்டு கிணத்துல வெள்ளம் கோரப் போனேன். வந்து பாத்தா அரிசி முறத்துல கிடக்கு, பானையக் காணல!"

அவள் பானையைக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டினாள். மண்ணும் செடியும் மொத்தமாக விழுந்தன. பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். அவர் செடியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பின்னாலேயே ஓடினார். "ஏட்டி, வேரு காயுது ஏட்டி! செத்த நேரம் கொண்டா, திருப்பித் தாறேன்!" சாயாக்கடை வரைக்கும் அந்த ஊர்வலம் போனதை நான் பார்த்தேன்.

பட்டாணிக்குக் காலை வெயில் வேண்டும், உச்சி வெயில் ஆகாது. ஆகவே இருபத்தாறு சட்டிகளும் காலையில் கச்சேரி முற்றத்துக்கு வரவேண்டும், பத்து மணிக்கு மேல் கச்சேரி வராந்தாவுக்குப் போகவேண்டும், நாலு மணிக்கு மறுபடி முற்றம். இதற்கு அவர் ஒரு ஏற்பாடு செய்தார். நிலம் விற்கிறவர் ஒரு சட்டி தூக்க வேண்டும். வாங்குகிறவர் ஒன்று. சாட்சிகள் இரண்டு பேருக்கும் சேர்த்து மண்ணெண்ணெய் டின். தூக்கிவைத்த பிறகுதான் பேனாவில் மை தொடுவார். பத்து ஏக்கர் வயலுக்குச் சொந்தக்காரர், பட்டுக்கரை வேட்டியோடு, வயிற்றில் ஒரு இரும்புத் தொப்பியை அணைத்துக்கொண்டு வராந்தா ஏறுவார். யாரும் முணுமுணுக்கவில்லை. நாலெல்லை எழுதிய ஆதாரத்தில் வழக்கு வராது என்று பெயர்.

வழக்கு வேறு வழியில் வந்தது. சட்டி தூக்கியவர்கள் கையைத் துடைத்துக்கொள்ளாமல் நேரே உள்ளே வந்து விரல் ரேகை வைத்தார்கள். சேறும் மையும் கலந்து காகிதத்தில் அப்பியது. மூன்று வாரம் கழித்து மேலிடத்திலிருந்து ஒரு தாக்கீது வந்தது. உங்கள் கச்சேரியில் ரேகை வைத்தவர்களில் ஒருவருக்கும் விரலில் ரேகை இல்லையே, அது ஏன், உடனே விளக்கம் அனுப்பவும்.

எங்கள் சார்பதிவாளர் வடக்கே கோட்டயம் பக்கத்துக்காரர். எந்நேரமும் ஜலதோஷம். கழுத்தில் மப்ளர். தாக்கீதைக் கையில் பிடித்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தவர் முதல் தடவையாகக் கீழே குனிந்து பார்த்தார். காலடியில் இருந்தது அவருடைய கோளாம்பி. அதிலிருந்து ஒரு இளங்கொடி எழும்பி அவரைப் பார்த்தது.

"எந்தாடோ இது? கச்சேரியோ, காய்கறித் தோட்டமோ?"

"ரெண்டும்தான் எஜமான்" என்றார் நாலெல்லை பணிவாக.

"நாளெ முதல் ஒரு சட்டி இவிடே கண்டால், தன்றெ லைசென்ஸ் போயி!"

லைசென்ஸ் போனால் சோறு போயிற்று. அன்று சாயங்காலமே நாலெல்லை செடிகளை வேரோடும் மண்ணோடும் எடுத்து ஒரு பெரிய கடவத்தில் அடுக்கினார். கோளாம்பியைக் கழுவித் துடைத்து உள்ளே கொண்டுபோய் வைத்தார். கடவத்தைத் தலையில் தூக்கிவிட்டது நான்தான். வீட்டுக்காரர் முற்றத்தில் வைக்கவிடவில்லை. கோயில் நந்தவனத்தில் பூ தவிர வேறு வைக்கக்கூடாது என்றார்கள். பள்ளிக்கூடத்தில் ஆடு வரும் என்றார்கள். ஊரில் உள்ள ஒவ்வொரு நிலத்தின் எல்லையையும் மனப்பாடமாக அறிந்த மனிதருக்கு ஒரு கடவத்தை இறக்கிவைக்க இடம் கிடைக்கவில்லை. அவரோடு நடந்துகொண்டிருந்த எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

திடீரென்று நின்றார். "மக்கா, அந்த அஞ்சடி!" என்றார்.

ஊரில் ஒரு அண்ணனும் தம்பியும் இருந்தார்கள். அப்பன் போனபிறகு விளை நிலத்தைப் பாகம் வைத்தார்கள். எல்லாம் சரியாக வந்தது, கிணற்றையொட்டிய அஞ்சடி அகலத் துண்டைத் தவிர. அது எனக்கு என்றார் அண்ணன். எனக்கு என்றார் தம்பி. ஒன்பது வருடமாக இருவருக்கும் பேச்சு கிடையாது. நாலெல்லை ஏழு தடவை அவர்களுக்குப் பாகப் பத்திரம் எழுதினார், ஏழு தடவையும் அவர்கள் கையெழுத்துப் போடாமல் எழுந்துபோனார்கள்.

அவர் கடவத்தோடு நேரே அந்த அஞ்சடியில் போய் நின்று சத்தம் கொடுத்தார். அண்ணன் கிழக்கு வீட்டிலிருந்தும் தம்பி மேற்கு வீட்டிலிருந்தும் வந்தார்கள்.

"உங்க தர்க்கம் தீருகது வரைக்கும் இந்த இடத்துல நான் பட்டாணி போட்டுக்கிடுகேன். என்ன சொல்லுகீங்க?"

அண்ணன் யோசித்தார். "அவனுக்குக் கிடைக்காதுல்லா?"

"கிடைக்காது."

"அப்பம் போடும்."

நாலெல்லை தம்பி பக்கம் திரும்பினார். தம்பியும் அதே கேள்வியைக் கேட்டார். அதே பதிலைக் கேட்டுச் சந்தோஷமாக உள்ளே போனார்.

சட்டியில் பயிர் செய்தவர் முதல் தடவையாக மண்வெட்டி பிடித்தார். மண்ணைக் கொத்தி, சாணமும் சாம்பலும் கலந்து, தண்ணீர் தேங்காமல் மேடாகப் பாத்தி கட்டி, கொடி பிடித்து ஏற ஈர்க்கில்களைக் குத்திவைத்தார். கைகள் கொப்பளித்து ஒரு வாரம் பேனா பிடிக்க முடியவில்லை.

பிறகு ஒரு விபரீதம் நடந்தது. யார் தண்ணீர் ஊற்றுகிறாரோ அவருக்குத்தான் நிலம் கைவசம் என்று அண்ணனுக்குத் தோன்றிவிட்டது. காலையில் பத்துக் குடம் ஊற்றினார். அதைப் பார்த்த தம்பி பதினைந்து குடம் ஊற்றினார். அண்ணன் இருபது. நாலாம் நாள் நாங்கள் போனபோது பாத்தியில் தவளை கத்தியது. செடிகள் மஞ்சளாகி மண்ணோடு படுத்திருந்தன. நாலெல்லை சேற்றில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். இருபத்தாறில் ஏழு மிஞ்சியிருந்தது. வேட்டி முந்தியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவ்வளவு பெரிய மனிதர் அழுது நான் பார்த்ததில்லை. அண்ணனும் தம்பியும் அவரவர் வேலியோரம் குடத்தோடு நின்றார்கள்.

அன்றிலிருந்து காலையில் அண்ணன் அரைக் குடம், சாயங்காலம் தம்பி அரைக் குடம் என்று அவர் கட்டளை போட்டார். இருவரும் ஏற்றுக்கொண்டார்கள்.

அடுத்தது உச்சி வெயில். பாத்திக்கு மேல் ஓலைத்தட்டி போட வேண்டும். தட்டிக்குக் கால் நட வேண்டும். "கால் நட்டா கைவசம் ஆயிரும்லா? யாரு நடுகது?" என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி என்று தம்பி தலையசைத்தார். ஆகவே கால் நடவில்லை. தினமும் பதினோரு மணிக்கு அண்ணன் தட்டியின் கிழக்குமுனையையும் தம்பி மேற்குமுனையையும் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அண்ணன் முகம் கிழக்கே, தம்பி முகம் மேற்கே. நடுவில் ஏழு பட்டாணிச் செடிகள். இரண்டு மணி வரைக்கும் இந்தக் கோலம். ரோட்டில் போகும் பஸ் அந்த இடத்தில் மெதுவாகப் போக ஆரம்பித்தது. தூங்குகிறவர்களைக் கண்டக்டர் தட்டி எழுப்பிக் காட்டினார்.

பன்னிரண்டாம் நாளோ பதின்மூன்றாம் நாளோ, நான் சாப்பாட்டு நேரத்தில் அங்கே போயிருந்தேன். நாலெல்லை கொடிகளுக்கு நடுவே குந்தியிருந்து களை பறித்துக்கொண்டிருந்தார்.

"ஏலே, உன் பக்கம் தாழுது" என்றார் அண்ணன், கிழக்கே பார்த்தபடியே.

தம்பி பிடியை மாற்றிக்கொண்டார்.

"நீ உசத்திப் பிடிச்சா எனக்குத் தாழத்தான் செய்யும்" என்றார் தம்பி, மேற்கே பார்த்தபடியே.

ஒன்பது வருடத்தில் முதல் பேச்சு. நாலெல்லை தட்டிக்கு அடியிலிருந்து என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். அந்த விரலில் மண். அவர் கண் பளபளத்தது.

அப்புறம் தினம் ஒரு வரி, இரண்டு வரி. தை மாதம் வெள்ளைப் பூ வந்தபோது, "அம்மைக்கு இப்படி வெள்ளைப் பூவுன்னா பிரியம்லா?" என்று தம்பி கேட்டார். "கொண்டையில வைக்காது. சாமிக்குத்தான் வைக்கும்" என்றார் அண்ணன். இருவரும் ஒருவர் பக்கம் ஒருவர் முகத்தைத் திருப்பிப் பேசியதால் தட்டி ஒரு பக்கமாகச் சரிந்து நாலெல்லை தலையில் விழுந்தது. அவர் அடியிலேயே அசையாமல் இருந்துகொண்டார், பேச்சு முறிந்துவிடும் என்று.

செய்தி கச்சேரிக்கும் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை சார்பதிவாளரே மப்ளரோடு வந்து பார்த்தார். தட்டியின் நிழல் கடைசிச் செடியை எட்டவில்லை. ஐந்து நிமிஷம் முறைத்துப் பார்த்தவர், தன் குடையை விரித்து அந்தச் செடிக்குப் பிடித்தார். "ஒரு செடிக்கு மாத்ரம் வெயில் கொள்ளுந்நது சரியல்ல" என்று யாரும் கேட்காமலே விளக்கமும் சொன்னார்.

பதினோரு காய் காய்த்தது. எப்போது பறிப்பது என்பதில் ஒற்றுமை வரவில்லை. இன்றைக்கே என்றார் தம்பி, வெள்ளிக்கிழமை என்றார் அண்ணன். நாலெல்லைக்குப் பறிக்கவே மனமில்லை. "இன்னும் செத்த நாளு கிடக்கட்டும்" என்று இரண்டு வாரம் தள்ளினார். காய்கள் வெளிறி, உறை வற்றிச் சுருங்கின.

கடைசியில் எட்டாவது பாகப் பத்திரம் எழுதின நாளில் பறித்தார்கள். அந்த அஞ்சடியை நாலெல்லை பெயருக்கே எழுதிக்கொடுத்துவிடுவோம் என்று அண்ணனும் தம்பியும் கூடிப் பேசி வந்திருந்தார்கள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"வேண்டாம்வே. எனக்குன்னு ஆயிட்டா நான் வேலி கெட்டத் தொடங்கிருவேன். அண்ணன் வேலியத் தள்ளிட்டான், தம்பி மாட்ட விட்டான்னு நானே கச்சேரிக்கு வருவேன். எனக்கு ஆரு ஆதாரம் எழுதுகது? பொதுவுல கிடக்கட்டும்."

அப்படியே பொதுவில் எழுதினார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள், கையைத் துடைத்துக்கொண்டு.

அன்று மத்தியானம் அண்ணன் வீட்டில் சாப்பாடு. சமையல் மைனி. சார்பதிவாளரும் நானும் விருந்தாளிகள். பதினோரு காயிலிருந்து ஐம்பது சொச்சம் பட்டாணி வந்தது. தேங்காய் அரைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் வேகவைத்தும் அவை இளகவில்லை என்று மைனி என் காதில் சொன்னாள். ஆளுக்கு எட்டோ ஒன்பதோ இலையில் விழுந்தது. நாலெல்லை உட்காரவில்லை. பரிமாறுகிற இடத்தில் நின்றுகொண்டு எங்கள் முகங்களை மாறிமாறிப் பார்த்தார்.

நான் ஒன்றை வாயில் போட்டேன். கடித்தேன். கடிபடவில்லை. கடைவாய்க்குத் தள்ளி மறுபடி கடித்தேன். சுவரில் அடித்த சுண்ணாம்பின் ருசி. பக்கத்தில் சார்பதிவாளர் வாயில் கடகடவென்று சத்தம் கேட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, "ஒன்னாந்தரம்!" என்றார். அண்ணன் தம்பியைப் பார்த்தார், தம்பி இலையைப் பார்த்தார். இருவரும் ஒன்றாகத் தலையாட்டினார்கள்.

நாலெல்லை என்னைப் பார்த்தார். நான் என் பங்கை மென்றும் மெல்லாமலும் விழுங்கிவிட்டு இலையை முன்னால் நகர்த்தினேன்.

"மைனி, இன்னும் கொஞ்சம் இருக்கா?"